தூக்கி நிறுத்தப்பட்ட கார் குறித்தும் அதற்கு முன் நடந்தவை குறித்தும் லோரெட்டா பின்க்லி சொன்னது

பெயர்: லோரெட்டா மே பின்க்லி. வயது: 43. தொழில்: பல் மருத்துவமனை வரவேற்பாளர். முகவரி: 218, சிக்கமோர் தெரு, வெல்டன் ஃபால்ஸ், ஒஹையோ. மாவட்ட ஷெரிப் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி ரேமண்ட் டுலி கேட்டதற்குச் சொன்னது.

நான் மேற்படி முகவரியில் என் மகள் மார்னியுடன் குடியிருந்து வருகிறேன். மார்னி பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறாள். என் கணவராக இருந்த டுவேன் பின்க்லி வெளிமாநிலங்களுக்கு லாரி ஓட்டுபவர். எங்களுக்கு விவாகரத்தான பிறகு அவர் வெர்னா என்பவரை மணந்துகொண்டு இதே ஊரில் வசிக்கிறார். வெர்னா தன் அண்ணனின் நிறுவனத்தில், பழுதாகி நிற்கும் கார்களை இழுத்துச் செல்லும் லாரியை ஓட்டுகிறார். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகளை அழைத்துப்போக வந்தால் அவர் தெருவில் நின்று ஹாரன் அடிப்பார், நான் கதவைத் திறந்து மகளை அனுப்புவேன், அவ்வளவுதான்.

மார்னி சிறு குழந்தையாக இருந்தபோது நான் பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்து, அரசிடம் கல்விக் கடன் வாங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். படிப்பு நின்றது, கடன் நிற்கவில்லை. வருமானத்துக்கு ஏற்றபடி மாதாமாதம் சிறு தொகை கட்டும் திட்டம் ஒன்றில் சேர்ந்து ஒழுங்காகக் கட்டி வந்தேன். அதன் பிறகு அந்தத் திட்டத்தை நீதிமன்றம் நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்தது. அதன் பிறகு, இப்போதைக்கு எதுவும் கட்ட வேண்டாம் என்று ஒரு கடிதமும், கட்டாவிட்டாலும் வட்டி ஏறும் என்று இன்னொரு கடிதமும், வேறு திட்டத்துக்கு உடனே மாறிக்கொள்ளவும் என்று மூன்றாவதும் வந்தன. மருத்துவமனையில் மற்றவர்களின் காப்பீட்டுத் தாள்களை நான்தான் படித்து விளக்குகிறேன். என் கடிதங்கள் எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஓக் லான்டர்ன் கடன் நிவாரண மையம் என்ற இடத்திலிருந்து பிரெட் ஸ்டாக்கார்ட் என்பவர் தொலைபேசியில் பேசினார். நல்ல குரல். புதுச் சட்டம் வந்திருப்பதாகவும், என் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து தருவதாகவும் சொன்னார். அதன் பிறகு என் வங்கி அட்டையிலிருந்து எழுநூறு டாலர் எடுத்துக்கொண்டு, என் கடன் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டார். கொடுத்தேன். அதன் பிறகு கடிதங்கள் வருவது நின்றுவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, அன்று மார்னிக்குப் பிடித்த ஆப்பிள் பை வாங்கிப் போனேன்.

மார்னிக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்க இடம் கிடைத்தது. உதவித்தொகை இல்லாமல் அங்கே சேர்க்க எனக்கு வழியில்லை. அரசின் உதவித்தொகை விண்ணப்பத்தை நான் பூர்த்தி செய்து அனுப்பினேன். அது செல்லாது என்று பள்ளி ஆலோசகர் திருமதி ஒடெல் பிரைஸ் கூப்பிட்டுச் சொன்னார். கடந்த ஒரு வருடத்தில் பிள்ளைக்கு யார் அதிகம் செலவழித்தார்களோ அந்தப் பெற்றோர்தான் விவரம் தர வேண்டுமாம். அது டுவேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும், மகளுக்காகத் தர வேண்டிய காசை எல்லாம் அவர் தவறாமல் அனுப்பியவர். அவர் மறுமணம் செய்துகொண்டு, மனைவியோடு சேர்த்து வரி தாக்கல் செய்யாததால், மனைவியும் தனியாக உள்நுழைந்து சம்மதம் தர வேண்டும் என்றும் திருமதி பிரைஸ் சொன்னார். டுவேன் வழியில் எங்கோ லாரி நிறுத்தத்திலிருந்து தன் பகுதியை முடித்துவிட்டார். "வெர்னாகிட்ட நான் கேட்டுட்டேன் லோரெட்டா. முடியாதுன்னுட்டா. ஏன்னு கேட்டா பேச்சே இல்ல" என்றார். கல்லூரி வைத்திருந்த கெடுவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அதன் பிறகு நான் வெர்னா வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார், பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"மார்னிக்கு ஏதாச்சுமா?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அந்த விண்ணப்பம் விஷயமா வந்தேன்."

"அப்ப வந்த வழியே போங்க."

"உங்க பணத்துல ஒரு காசு நான் கேக்கல. ஒரு பட்டனை அழுத்தச் சொல்றேன், அவ்ளோதான்."

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். அதன் பிறகு சொன்னார்: "நான் அழகுக்கலைப் பள்ளிக்கு வாங்கின கடன் கட்டாம கெடக்கு. சம்பளத்துல பிடிப்போம்னு நோட்டீஸ் வந்திருக்கு. டுவேனுக்குத் தெரியாது. அந்த விண்ணப்பத்துல என் பேர் ஏறிச்சுன்னா என் கடனை அந்தப் புள்ள தலையில கட்டிருவாங்க. ஓக் லான்டர்ன் ஆளு தெளிவாச் சொன்னாரு, அரசாங்க இணையதளம் பக்கமே தல வெச்சுப் படுக்காதீங்கன்னு."

நான் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். "பிரெட்டா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கும் பிரெட்டா?" என்றார் வெர்னா.

அதன் பிறகு நாங்கள் இருவரும் இழுவை லாரியில் ஏறி உட்கார்ந்து, என் கடன் கணக்கைக் கவனிக்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டோம். வெகுநேரம் இசைதான் கேட்டது. வெர்னா தன் சாண்ட்விச்சைப் பிட்டு, கேட்காமலே பாதியை என் பக்கம் வைத்தார். கடைசியில் ஐசாயா என்ற இளைஞர் பேசினார். என் கணக்கில் முகவரியும் தொலைபேசி எண்ணும் வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. நானே கேட்டதாகச் சொல்லி தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. ஓக் லான்டர்ன் ஒரு காசும் கட்டியிருக்கவில்லை. "மேடம், கடவுச்சொல்ல இப்பவே மாத்துங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். மாற்றினேன். புதுத் திட்டத்துக்கு நானே இலவசமாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, எந்த இடத்தில் எதை அழுத்துவது என்று கூடவே சொல்லி வந்தார்.

வெர்னா போனைப் பிடுங்கி, "ஒரு சந்தேகம் தம்பி. புருஷனோட புள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பத்துல நான் சம்மதம் குடுத்தா, என் கடன் அந்தப் புள்ளைக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"போகவே போகாது மேடம். உங்க கடன் உங்களோடது மட்டும்தான். சம்மதம் குடுக்கறது வருமான விவரத்தைப் பாக்கறதுக்கு. நீங்க புதுசா எதுக்கும் பொறுப்பாக மாட்டீங்க."

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு, தன் பகுதியை அங்கேயே, என் போனில் பூர்த்தி செய்து அனுப்பினார். பிறகு டுவேனைக் கூப்பிட்டுத் தன் கடன் விஷயத்தைச் சொன்னார். டுவேன் சொன்னது எனக்கும் கேட்டது. "இவ்ளோதானா? உனக்கு ஏதோ நோய்னு சொல்லப்போறியோன்னு பயந்துட்டேன்டி" என்றார்.

ஓக் லான்டர்ன் நிறுவனம் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில் பெற்றோர்களுக்கு இலவச ஆலோசனைக் கூட்டம் நடத்துவதாக மார்னியின் பள்ளித்தோழி வீட்டுக்குத் துண்டறிக்கை வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை வெர்னாவும் நானும் அங்கே போனோம். கூடம் நிறைந்திருந்தது. பிரெட் ஸ்டாக்கார்ட் எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுத்து, பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் எழுதி முன்னால் இருந்த பெட்டியில் போடச் சொன்னார். சிலர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுந்து, "நான் லோரெட்டா பின்க்லி. இவரு என்கிட்ட எழுநூறு டாலர் வாங்கினாரு. என் கடன்ல ஒரு டாலர் கூடக் கட்டல" என்றேன்.

"மேடம், உங்க கேஸைத் தனியாப் பேசிக்கலாம்" என்றார் அவர்.

"தனியாத்தான் போன தடவ பேசினோம்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "என் பேத்தியோட அட்டையைத் திருப்பிக் குடுய்யா" என்றார். அதன் பிறகு பலரும் எழுந்தார்கள். ஸ்டாக்கார்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வழியாக வெளியேறினார். வெர்னாவை அப்போது என் பக்கத்தில் காணவில்லை.

நான் வெளியே போனபோது ஸ்டாக்கார்டின் வெள்ளிநிறக் காரின் பின்சக்கரங்கள் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருந்தன. அவர் பெட்டியோடு உள்ளே உட்கார்ந்து காரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார். வெர்னா லாரிக் கதவில் சாய்ந்து, "இங்க நிறுத்தக் கூடாதுங்க, தீயணைப்பு வண்டி வர்ற வழி" என்றார். அங்கே அப்படி ஒரு பலகை உண்மையாகவே இருந்தது. அதன் பிறகு ஸ்டாக்கார்ட் தானே காவல்துறையை அழைத்தார். வந்த அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்து, இத்தனை பேரின் கடவுச்சொல் எதற்கு என்று அவரிடம் கேட்டார். பெட்டியில் இருந்தவற்றைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து தங்கள் அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

காரைத் தூக்கும்படி வெர்னாவிடம் நான் சொன்னேனா என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் சொல்லவில்லை. அந்த யோசனை எனக்கு வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எழுநூறு டாலரில் இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. வருமா என்று தெரியாது. என் புதுத் திட்ட விண்ணப்பம் ஏற்கப்பட்டு, முதல் தவணையை நானே கட்டினேன், ரசீதும் வந்தது. முன்பைவிடச் சற்று அதிகம், ஆனால் கட்டிவிட முடியும். வெர்னா சிறு தவணைகள் கட்டித் தன் கடனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒப்பந்தம் போட்டிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் இப்போது செவ்வாய் மாலைகளில் ஊர் நூலகத்தில் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் சரிபார்க்கிறோம். திருமதி பிரைஸும் வருகிறார். அவருக்கும் சில விதிகள் புரியவில்லை என்று அவரே சொன்னார்.

மார்னிக்குக் கல்லூரி உதவித்தொகைக் கடிதம் போன வாரம் வந்தது. திருப்பிச் செலுத்த வேண்டாத தொகையே பெரும்பகுதி. மீதிக்கு அவள் கோடையில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கடிதத்தை அவள் முதலில் என்னிடம் படித்தாள், அதன் பிறகு போனில் டுவேனிடம், அதன் பிறகு தெருவில் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் வெர்னாவிடம். நான் வாசலுக்குப் போய், வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து காபி குடிக்கும்படி வெர்னாவைக் கூப்பிட்டேன். வந்தார்.

இதில் உள்ளவை எனக்குத் தெரிந்து நடந்தவை. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ இதை நான் சொல்லவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் மறுபடி ஒருமுறை நானே முழுவதும் படித்து, ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லோரெட்டா மே பின்க்லி

என் முன்னிலையில்: ரேமண்ட் டுலி, விசாரணை அதிகாரி