புதன்கிழமைக்குப் பொறுப்பு யார்?

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் நம் முதலாளி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களே, முன்வரிசையில் இருக்கும், நம்மை விட்டுப் போனவரின் கணவரே, மகளே, லென்ஸ் பிரிவிலும் பிரேம் பிரிவிலும் பேக்கிங்கிலும் என்னோடு வேலை பார்க்கும் தோழர்களே, பள்ளிச் சீருடையோடு வந்திருக்கும் பிள்ளைகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. செய்து முடித்த மூக்குக்கண்ணாடியில் பவர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. முப்பத்தோரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இருந்தும் இன்றைக்கு நான்தான் பேசுவேன் என்று அடம்பிடித்து மைக்கை வாங்கியிருக்கிறேன். ஏன்? சொல்லாமல் விட்ட ஒன்று ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது.

நம் பணியாளர் பிரிவுத் தலைவர் மறைந்து இருபது நாள் ஆகிறது. இப்படிப் பதவியைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. புதன் அக்கா என்று சொல்லுங்கள், வாசல் காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும்! என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற வழக்கு கடைசி வரை தீரவேயில்லை.

அவர் போன நாளிலிருந்து பட்டறையில் ஒரே பேச்சு. புதன்கிழமைப் பிள்ளைகள் இனி வருவார்களா, மாட்டார்களா? அடுத்த வாரம் பன்னிரண்டு பேரை அனுப்பலாமா என்று பள்ளி கேட்டிருக்கிறது. நம் அலுவலகம் பதில் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. "பொறுப்பேற்க ஆள் இல்லாத காரணத்தால் திட்டத்தைத் தற்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்." அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. அது விழுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்பு சாப்பாட்டு அறையில் நம்மை எல்லாம் உட்கார வைத்து அக்கா சொன்னார். "பதினோராம் வகுப்புப் பிள்ளைங்க வாரத்துல ஒரு நாள், புதன்கிழமை, நம்மகிட்ட வேலை கத்துக்க வரப்போறாங்க." நான் சும்மா இருந்திருக்கலாம். "சுத்திக் காட்டி பிஸ்கட் குடுத்து அனுப்பிடுவோம்" என்றேன். "சுத்திப் பாக்க இது என்ன மிருகக்காட்சி சாலையா அண்ணே? நீங்க என்ன கூண்டுலயா இருக்கீங்க?" என்றார். அன்றைக்குச் சிரித்தவர்கள் இங்கேயும் சிரிக்கிறீர்கள், பார்க்கிறேன்!

பிள்ளைகளை வரச் சொல்வது பெரிய காரியமா? வந்தபின் என்ன செய்வது என்பதல்லவா காரியம்! ஒரு பிள்ளைக்கு ஒரு தொழிலாளி என்றார். அந்தத் தொழிலாளிக்கு அன்றைய வேலையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்றார். முதலாளி அவர்களே, அதற்கு நீங்கள் எப்படி முறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும், கதவுக்கு வெளியே நான்தான் நின்றேன்! எந்த மெஷினைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தரையில் முழங்கால் போட்டு மஞ்சள் டேப் ஒட்டினார். காப்பீடு எடுத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பெற்றோரிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். வருஷக் கடைசியில் பிள்ளையைப் பற்றி நாம் ஒரு பக்கம் எழுத வேண்டும், நம்மைப் பற்றிப் பிள்ளை ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார். பட்டறையே கொதித்தது. அவர் அசையவில்லை.

இன்னொன்றிலும் அவர் அசையவில்லை. பழகுவதற்கென்று தனிக் கண்ணாடி கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் உண்மையாகவே ஒருவர் போட்டுக்கொள்ளப் போகும் கண்ணாடியைச் செய்ய வேண்டும். "யாரோ ஒருத்தர் கண்ணுல உக்காரப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் கை கவனமா இருக்கும்" என்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். திட்டத்தின் இரண்டாம் வருஷம். ஒரு தையல்காரருக்கான கண்ணாடியில் ஒரு மாணவி வலக்கண் லென்ஸை இடப்பக்கமும் இடக்கண் லென்ஸை வலப்பக்கமும் பொருத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தையல்காரர் போன் செய்து கத்தினார். தலை சுற்றுகிறதாம், தைத்த காலர் எல்லாம் கோணிப்போய்விட்டதாம். "பிள்ளைங்கள வச்சு வேலை வாங்குனா இப்படித்தான்" என்று ஊரெல்லாம் பேச்சு. திட்டத்தை மூடிவிடலாம் என்று அலுவலகமும் சொன்னது.

அக்கா அந்தக் கண்ணாடியின் சோதனை அட்டையோடு என் மேஜைக்கு வந்தார். "அண்ணே, இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்போ வாங்க. மூணு பேருமாப் போய்ட்டு வருவோம்."

அந்தக் கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. புதன்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல். பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். பதினாறு வயதுப் பெண் தவறலாம். அந்தத் தவறைப் பிடிப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்!

தையல்காரர் வீட்டில் அந்தப் பெண் நேராக நின்று, "நான்தான் மாத்திப் போட்டுட்டேன் ஐயா, மன்னிச்சிருங்க" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அலுவலகத்தில், "பொறுப்பு என்னுது" என்று எழுதிக் கொடுத்துத் திட்டத்தைக் காப்பாற்றினார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அடுத்த புதன்லேர்ந்து அந்தப் பொண்ணு உங்க மேஜைல."

அந்த வருஷக் கடைசியில் அவள் என்னைப் பற்றி எழுதிய பக்கம் எனக்கு மனப்பாடம். "ஐயா நன்றாக வேலை செய்கிறார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று சொல்வதில்லை. கேட்டால் பெருமூச்சு விடுகிறார். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது." அட்டையில் என் கையெழுத்தை அவளும் பார்த்திருந்தாள். அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அந்தப் பெண் இன்று நில அளவையாளர். நான்காவது வரிசையில் இருக்கிறார். "இவ்வளவு கத்துக்குடுத்தும் கண்ணாடி வேலை வேண்டாம்னு போய்ட்டாளே அக்கா" என்று ஒருநாள் புலம்பினேன். "அது வேண்டாம்னு தெரிஞ்சுக்கறதுக்கும்தான் அண்ணே வர்றாங்க" என்றார். நில அளவையாளர் அம்மா, அந்தத் தவறில் பெரிய பங்கு என்னுடையது. உன்னிடமும் முதலாளியிடமும் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அக்கா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தோழர்களே! அக்கா போனதும் ஆள் இல்லாமல் போய்விட்டதா? அவரால் பிள்ளைகள் மட்டுமா கற்றார்கள்? பெருமூச்சு விடாமல் பதில் சொல்ல நான் கற்கவில்லையா? உங்கள் வேலையை அடுத்தவருக்குப் புரியும்படி சொல்ல நீங்கள் கற்கவில்லையா? வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவர் வழக்கமாக நின்ற அதே வாசலில் நான் நிற்பேன். இது உறுதி.

மௌனம் காக்க எல்லோரும் சேர்ந்து எழுவது வழக்கம். இன்று முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சொல்பவர்கள் மட்டும் முதலில் எழுந்திருங்கள். நான் ஏற்கெனவே நிற்கிறேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேம் பிரிவுத் தம்பி, நன்றி. பேக்கிங் அக்கா இரண்டு பேரும். கணக்கர் ஐயா, நீங்களுமா! பின்வரிசை முழுக்கவா? போதும், பன்னிரண்டு பேர்தான் பிள்ளைகள்! உட்காருங்கள் என்றாலும் யாரும் உட்கார மாட்டேன் என்கிறீர்களே!

முதலாளி அவர்களே, ஆள் இல்லை என்று கடிதத்தில் இருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

நீங்களும் எழுகிறீர்கள். சரி. இனி நான் பேச வேண்டியதில்லை. எல்லோரும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். அப்படியே, புதன் அக்காவுக்காக, ஒரு நிமிடம்.