தொண்டையில் பிடிக்காத வகை

நான் ஒருநாளும் சிகரெட் குடித்தவன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகை விற்கிறவன் புகைக்கிறவனாகவும் இருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கோப்பிக்கு நன்றி. பொலிஸ் நிலைய மெசினில் வருகிற கோப்பி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் மொழிபெயர்ப்பாளர் என்பதால் உங்களைப் பார்த்தே பேசுகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியும், ஆனால் அது கடை நடத்தப் போதுமான பிரெஞ்சு. இந்த விசயத்தைச் சொல்ல அது போதாது. அதிகாரி அம்மா அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

என் பெயர் தவரத்தினம். கடை லா சப்பலில், மெத்ரோ பாலத்துக்குப் பக்கத்தில், நகைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது மின்சிகரெட் விற்கிறேன். அதற்கு முன் தொலைபேசி அட்டை விற்றேன். உங்கள் வயதுக்கு அது ஞாபகம் இருக்காது. அட்டையைச் சுரண்டினால் ஒரு இலக்கம் வரும், அதை அடித்து ஊருக்குப் பேசலாம். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிந்த அந்த மே மாதம், என் கடைக்குள் நிற்க இடம் இருக்கவில்லை. அட்டை வாங்கியவர்கள் வெளியே போகமாட்டார்கள். அங்கேயே நின்று அடிப்பார்கள், கிடைக்காவிட்டால் இன்னொன்று வாங்குவார்கள். யாருடைய அக்கா முகாமுக்குள் வந்து சேர்ந்துவிட்டார், யாருடைய தம்பி வரவில்லை என்பதெல்லாம் அவர்களுடைய வீட்டார் அறிவதற்கு முன்பே நான் அறிவேன். ஒருவர் என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுமையான காலம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நான் தனியாக இருக்கவில்லை. இப்படிச் சொல்வது சரியில்லை என்று தெரிகிறது, உண்மை என்பதால் சொல்கிறேன்.

பிறகு கைத்தொலைபேசியில் சும்மா பேசுகிற வசதி வந்தது. அட்டை வியாபாரம் படுத்துவிட்டது, ஆட்களும் வரவில்லை. தெருவில் கண்டால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். என் தோளில் அழுதவர் ஒருநாள் என்னைக் கடந்து போனார், அடையாளமே தெரியவில்லை அவருக்கு. எனக்கு வீடு என்று இருப்பது கடைக்கு மேலே ஒரு அறை. கலியாணம் ஒன்று பேசி வந்தது, சரிவரவில்லை. மாலையில் கடையைப் பூட்டிவிட்டு மேலே போனால், மறுநாள் கடை திறக்கும்வரை என் குரலை நானே கேட்பதில்லை.

ஆகவே மின்சிகரெட் விற்கத் தொடங்கினேன். அது நல்ல தொழில், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாக்கெட் பாக்கெட்டாகச் சிகரெட் ஊதியவர்கள் இருமலோடு வருவார்கள். மின்சிகரெட்டுக்குள் ஊற்றுகிற திரவம் பெரிய போத்தலில் வரும், அதில் மணமும் இனிப்பும் மட்டும் இருக்கும். நிக்கோட்டின் சிறிய குப்பிகளில் தனியாக வரும். யாருக்கு எவ்வளவு தேவை என்று கேட்டு நான் கலந்து, குலுக்கிக் கொடுப்பேன். மாதா மாதம் குப்பியைக் குறைப்பேன். கடைசியில் குப்பியே இல்லாமல் வெறும் மணத்தை இழுப்பார்கள், பிறகு அதையும் விட்டுவிடுவார்கள். எத்தனையோ பேரை நான் அப்படி மீட்டிருக்கிறேன். மீண்டவர்கள் எதிர் நடைபாதையால் போவார்கள், கடைப் பக்கம் முகம் திருப்பமாட்டார்கள். நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தால் எனக்குக் கிடைப்பது அவர்களுடைய முதுகுதான்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்து முடிந்ததும் எறிகிற அந்தக் கலர் கலரான குழல்களை நான் விற்றதே இல்லை. இப்போதுதான் தடைசெய்திருக்கிறார்கள். மற்றக் கடைக்காரர்கள் அதில் காசு அள்ளினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கி இழுத்துவிட்டு மெத்ரோ படிக்கட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கிற பற்றரி நல்ல பற்றரி, எத்தனையோ தடவை மின்னேற்றலாம், ஆனால் ஒரே தடவையோடு குப்பை. மழை பெய்தால் அதெல்லாம் வடிகாலுக்குள் போகும். காலையில் கடை திறக்க முதல் நான் வாளியோடு போய்ப் பொறுக்கி வருவேன். பற்றரியைக் கழற்றி, தகட்டை வேறாக்கி, சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். யாரும் எனக்கு அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பொருள் வீணாகப் போவதைப் பார்க்க என் மனம் கேட்காது.

மரியரட்ணம் அண்ணையைப் பற்றிக் கேட்டீர்கள்.

மன்னார் ஆள். கூசேன்வில்லில் வீடு, றுவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. அந்த வேலையில் முதுகு வளைந்து வளைந்து நாரி போய்விட்டது. சிகரெட்டை விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு மாற வந்தார். வாசலிலேயே, "என்ன தம்பி, கடையிலை ஓட்டுறதுக்கு ஒரு இலையானும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு வந்து, கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். வேலைக்குப் போக முடியாமல் மருத்துவ விடுப்பில் நின்ற காலம் அது. வீட்டில் இருந்தால் சுவர்தான் தெரிகிறது என்று ரயில் ஏறி வந்துவிடுவார். போத்தல் ஒன்று வாங்குவார், பிறகு பின்னேரம் வரை இருப்பார். நான் தேத்தண்ணி போடுவேன். நேரே ஒருவர் இருந்து பேசுகிறார், நான் பதில் சொல்கிறேன். அது எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது.

"இதை இழுத்தால் நாரியிலை நோ கொஞ்சம் அடங்குது தம்பி," என்பார். "குளிசை போட்டால் வயிறு எரியுது. எனக்கு இதுதான் மருந்து." கடைசிவரை அவர் அதை மருந்து என்றுதான் சொன்னார்.

பிறகு வைத்தியர் சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார். முள்ளெலும்பு இரண்டை ஒட்டவைக்க வேண்டும். அண்ணை அதைச் சொல்ல வந்த அன்று கோவிலுக்குப் போகிறவர் மாதிரி உடுத்தியிருந்தார்.

"ஆனால் நிக்கோட்டின் ஒரு சொட்டும் கூடாதாம். உடம்பிலை அது இருந்தால் எலும்பு ஒட்டாதாம். சலம் எடுத்துப் பார்த்துத்தான் நாள் தருவினமாம். இல்லாட்டி நரம்பு நசிஞ்சு கால் போயிடுமெண்டு சொல்லிப்போட்டார். நீதான் என்னை இறக்கி விடோணும்."

நான் இறக்கிவிட்டேன். அதையும் எழுதுங்கள். முதல் மாதங்களில் நேர்மையாகத்தான் குறைத்தேன். அவர் மனைவி இம்மாகுலேற் அக்கா லூர்து மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். அவர் ஒருநாள் கடைக்கே வந்து, பலகாரம் தந்து, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். போத்தலில் இனி ஒரு துளி நிக்கோட்டினும் இல்லை என்ற கட்டம் நெருங்கிவிட்டது.

அந்தப் போத்தலை நான் கலந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணை சொன்னார், "இன்னும் ஒரு மாசம். அதுக்குப் பிறகு இந்தப் போத்திலும் வேண்டாம், உன்ரை மூஞ்சையையும் பார்க்கத் தேவையில்லை." பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். எதிர் நடைபாதையைப் பார்த்தேன், ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கை தானாகப் போனது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் எடுத்தேன். சாதாரண நிக்கோட்டின் என்றால் இழுக்கும்போது தொண்டையில் பிடிக்கும், அண்ணை கண்டுபிடித்துவிடுவார். தொண்டையில் பிடிக்காத வகை ஒன்று இருக்கிறது, உப்பு வகை என்போம். மெதுவாக இறங்கும். இழுக்கிறவருக்கே தெரியாது. கலந்து, குலுக்கி, "இனி வெறும் மணம்தான் அண்ணை" என்று கொடுத்தேன். நன்றாக நித்திரை வருகிறது, பதற்றமே இல்லை என்று அடுத்த முறை வந்து சொன்னார். விடுவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்பட்டார். அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

சோதனையில் அகப்பட்டது. சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். ஒளித்துச் சிகரெட் குடிக்கிறீர் என்று வைத்தியர் சொன்னாராம். இம்மாகுலேற் அக்கா, "மாதாவுக்கு முன்னாலையே பொய் சொல்லிப்போட்டியள்" என்று ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணை என் கதிரையில் வந்திருந்து அழுதார்.

"சத்தியமா நான் தொடேல்லை, தம்பி. நீயாவது நம்புறியோ?"

"நான் நம்புறன் அண்ணை," என்றேன்.

அது பொய்யில்லை. அவர் உண்மை சொல்கிறார் என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு அவருக்கு இருந்த கவலைக்கு, அடுத்த போத்தலில் இன்னொரு குப்பி சேர்த்து விட்டேன்.

பக்கத்தில் நிற்பவர்களின் புகை உடம்புக்குள் போகுமோ என்று அண்ணையே ஒரு காரணம் கண்டுபிடித்தார். போகலாம் என்றேன். அதன்பிறகு புகைக்கிற சினேகிதர்கள் யாரோடும் அவர் சேரவில்லை. தேவாலயத்துக்குப் போனால் வாசலில் நின்று புகைக்கிறார்கள் என்று அங்கேயும் போகவில்லை. இரண்டாம் சோதனையிலும் அகப்பட்டது. வைத்தியர் இனி வரவேண்டாம் என்று கையை விரித்துவிட்டார். இம்மாகுலேற் அக்கா வில்லியே லே பெல்லில் இருக்கிற தன் தங்கையிடம் போய்விட்டார். "நோவைப் பொறுக்கலாம் அப்பா, பொய்யைப் பொறுக்கேலாது" என்று அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போனாராம். பிறகு அண்ணை ஒவ்வொரு நாளும் வந்தார். மதியம் நான் சமைப்பேன், இருவரும் சாப்பிடுவோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. இதை அதிகாரி அம்மாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கால் விறைக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். குளிருக்கு என்று நினைத்தேன், கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் காலை அவர் வரவில்லை. கார் து நோர் ரயில் நிலைய மேடையில், என்னிடம் வருகிற வழியில், இரண்டு கால்களும் எழும்பாமல் விழுந்திருக்கிறார். அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்தார்கள், பிந்திவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார்கள். விழும்போது அவர் பையில் வெறும் போத்தல்கள் இருந்தனவாம். கண்ட இடத்தில் எறியாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று பழக்கியது நான்தான்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மின்சிகரெட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். அண்ணை நடுங்கி, வியர்த்து, கண்டபடி கத்தியிருக்கிறார். அதில் எவ்வளவு நிக்கோட்டின் என்று தாதி கேட்க, ஒன்றுமில்லை, வெறும் மணம் என்றிருக்கிறார். தாதிக்குச் சந்தேகம் வந்து, அதற்குள் மீதியாக இருந்ததைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறார்.

ஓம், நான்தான் செய்தேன். ஒவ்வொரு போத்தலும் என் கையால் கலந்தது. ஆனால் பணத்துக்காக என்று எழுதவேண்டாம், அது அநியாயம். அந்தக் குப்பிகளுக்கு நான் அவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

நேற்று நீங்களும் அதிகாரி அம்மாவும் போய் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் நம்பவில்லையாமே. "தவம் அப்பிடிச் செய்யமாட்டான், அவன் ஒருத்தன்தான் என்னை நம்பினவன்" என்று சொன்னாராமே. இப்போது நான் இதைச் சொன்னபோது நீங்கள் மேசையைப் பார்த்தீர்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். இதை மட்டும் கவனமாக மொழிபெயருங்கள். அண்ணை பொய் சொல்லவில்லை என்று இன்று பின்னேரம் இம்மாகுலேற் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லப்போவதாக அதிகாரி அம்மா சொன்னார். அதற்கு என்ன அவசரம்? அந்த மனுசி ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். கொஞ்சக் காலம் போகட்டும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அண்ணையிடம் போய்வர விடமுடியுமா என்று கேளுங்கள். ஒரு பொலிஸ்காரர் கூட வந்தாலும் பரவாயில்லை. அவர் அங்கே தனியாகக் கிடக்கிறார், என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?