கையெழுத்துப் போட வேண்டியவர்

சிவகரன்: ...அப்ப ஏன் மச்சாள் கொடிகாமத்திலை இருந்து பஸ் ஏறி வந்தனீங்கள்? வீட்டிலையே சொல்லியிருக்கலாமே.

பத்மாசினி: மாட்டன் எண்டு சொல்லேல்லை. யோசிக்கிறன் எண்டனான்.

சிவகரன்: கோட்டு வாசல்லை குந்தியிருந்து யோசிக்கிறியள். உள்ளை வழக்குக் கூப்பிடத் துவங்கீட்டாங்கள்.

பத்மாசினி: எங்கடை பேர் பின்னுக்குத்தான் எண்டு உதயகலாப் பிள்ளை சொன்னவ.

சிவகரன்: பாவம் அந்தப் பிள்ளை. உந்த வெயிலுக்கை கறுப்புக் கோட்டோடை ஓடித் திரியிது.

பத்மாசினி: வெள்ளைக்காரன் குளிருக்குப் போட்டது. அவன் கழட்டிக்கொண்டு போட்டான். எங்கடை சட்டத்தரணியள் இன்னும் போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்டுதுகள்.

சிவகரன்: பகிடி விடுறியள். அப்ப மனம் இளகீட்டுது.

பத்மாசினி: எங்கை இளகினது... பயத்திலை வாய் சும்மா இருக்குதில்லை. சிவா, இன்னொருக்காச் சொல்லு பாப்பம். காணி ஆற்ரை?

சிவகரன்: உங்கடை. உங்கடை ஐயா சீதனமாத் தந்த தென்னங்காணி.

பத்மாசினி: உறுதியிலை என்ரை பேர்.

சிவகரன்: ஓம்.

பத்மாசினி: தண்ணி விட்டது, வேலி அடைச்சது, கள்ளரைக் கலைச்சது, எல்லாம் நான்.

சிவகரன்: ஓம் எண்டுறன்.

பத்மாசினி: ஆனா நான் விக்கேலாது.

சிவகரன்: அண்ணை கையெழுத்து வைக்கோணும். மனுசன் ஓம் எண்டாத்தான் மனுசி விக்கலாம், தேசவழமைச் சட்டம் அப்பிடி. அண்ணை இல்லாதபடியால் அவருக்குப் பதிலா இந்தக் கோட்டு நீதிபதி ஓம் எண்ட வேணும். அதுக்குத்தானே வந்து காத்துக்கிடக்கிறம்.

பத்மாசினி: ஆர் உதை எழுதினது?

சிவகரன்: ஒல்லாந்தன்.

பத்மாசினி: எங்கடை வழமையை அவனோ எழுதினவன்?

சிவகரன்: எங்கடை ஆக்களைக் கேட்டு எழுதினவனாம். அந்தக் காலத்து ஊர்த் தலைவர்மார், பன்னிரண்டு முதலிமார், பாத்திட்டுச் சரி எண்டவையாம். பிறகு இங்கிலீசுக்காரன் அங்கை இங்கை திருத்தினான். அவனும் போன பிறகு கொழும்பு அப்பிடியே வைச்சிருக்குது.

பத்மாசினி: அந்தப் பன்னிரண்டு பேரிலை ஒரு பொம்பிளையெண்டாலும்...

சிவகரன்: மச்சாள்...

பத்மாசினி: சும்மா கேட்டன். அதுக்கு முதல் பொம்பிளையள் தங்கடை காணியை எப்பிடி ஆண்டவையெண்டு ஆருக்கும் தெரியுமோ?

சிவகரன்: நானும் உதயகலாவைக் கேட்டனான். வடிவாத் தெரியாதாம். எழுதின பிறகு எழுதினதுதான் வழமை எண்டு போச்சாம். அதுதான் எங்கடை அடையாளம், ஆரும் கை வைக்கக் கூடாது எண்டு மேடையிலை கதைச்சவங்களுக்குக் கை தட்டினவன் நான்.

பத்மாசினி: உனக்கென்ன, நீ ஆம்பிளை.

சிவகரன்: ...அதுவும் சரிதான்.

பத்மாசினி: கோவிக்காதை.

சிவகரன்: கோவமில்லை. பெத்த பிள்ளை ஆரபியை நினையுங்கோ. கொழும்பிலை ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்தாச்சு, காணி வித்த காசிலைதான் கட்டோணும். இருதயத்து வால்வு, இனித் தள்ளேலாது எண்டு டொக்டர் முகத்துக்கு நேரை சொன்னவர். காணி வாங்கிறவரும் இந்தக் கிழமை தாண்டினால் வேறை இடம் பாப்பாராம்.

பத்மாசினி: நினையாமல் இருக்கிறனோ? அவள் மூச்செடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கிறவள் நான்.

சிவகரன்: அப்ப உள்ளை போய் ஒரு வசனம் சொல்லுங்கோ. செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் சொல்லச் சொல்லேல்லை. அப்பிடிப் பதிய வெளிக்கிட்டால் விசாரணை, அது இது எண்டு மாசக்கணக்கா இழுக்கும். விட்டிட்டு ஓடினவர் எண்டும் சொல்ல வேண்டாம், அது உங்களுக்குப் பிடிக்கேல்லை, விட்டாச்சு. மனுசன் இருக்கிற இடம் தெரியாது. அவ்வளவுதான். அப்பிடிச் சொன்னாலே சட்டத்திலை வழியிருக்காம்.

பத்மாசினி: அதுதான் ஏலாமல் கிடக்கு.

சிவகரன்: செத்தார் எண்டும் சொல்ல மாட்டியள், தெரியாது எண்டும் சொல்ல மாட்டியள். காணாமல் போன ஆக்களைக் கேட்டுத் தாய்மார் போராடுற பந்தலுக்கும் எத்தினை தரம் கூப்பிட்டவை, ஒருநாளும் போகேல்லை. உங்களை எனக்கு விளங்குதில்லை மச்சாள்.

பத்மாசினி: அங்கை இருக்கிற தாய்மாருக்கு நடுவிலை எந்த முகத்தோடை போய் இருக்கிறது...

சிவகரன்: என்ன சொல்லுறியள்?

பத்மாசினி: ஒண்டுமில்லை. சத்தியம் பண்ணோணுமோ?

சிவகரன்: வேதக்காரர் எண்டால் பைபிளிலை கை வைக்கோணும். சைவக்காரருக்கு அது தேவையில்லை. முதலியார் சொல்லித் தருவார், வாயாலை சொன்னாக் காணும்.

பத்மாசினி: இண்டைக்கும் முதலியாரோ?

சிவகரன்: கோட்டிலை அந்த உத்தியோகத்துக்கு இன்னும் அதுதான் பேர்.

பத்மாசினி: அப்ப இவர் பதின்மூண்டாவது ஆள்.

சிவகரன்: உங்களோடை கதைச்சு வெல்லேலாது.

பத்மாசினி: உதயகலாப் பிள்ளை உன்னையும் சாட்சிக்குப் போட்டிருக்குதெல்லே?

சிவகரன்: ஓம். உங்களுக்குப் பிறகு நான். அதே வசனம்தான்.

பத்மாசினி: சொல்லுவியோ?

சிவகரன்: சொல்லாமல்... எங்கடை பிள்ளையின்ரை உயிரெல்லே.

பத்மாசினி: என்னைப் பாத்துச் சொல்லு.

சிவகரன்: வெயில் கண்ணுக்கை அடிக்குது.

பத்மாசினி: அண்டைக்கும் நீ என்னைப் பாக்கேல்லை. கடைசி நாள், முள்ளிவாய்க்காலிலை. கொண்ணர் எங்கை எண்டு கேக்க, "அண்ணை பின்னாலை வாறார், நீங்கள் நடவுங்கோ" எண்டனீ. நிலத்தைப் பாத்துக்கொண்டு.

சிவகரன்: ஷெல் விழுந்துகொண்டிருந்தது மச்சாள். ஆரபி கைக்குழந்தை. சனம் வட்டுவாகல் பாலத்துப் பக்கம் ஓடுது. பின்னாலை வாறார் எண்டு சொன்னாத்தானே நீங்கள் நடப்பியள், இல்லாட்டி அவ்விடத்திலையே...

பத்மாசினி: நடந்தனான்தானே.

சிவகரன்: நான்... பேந்து எத்தினையோ தரம்...

பத்மாசினி: மெல்லக் கதை, சனம் பாக்குது.

சிவகரன்: பின்னாலை வாறார் எண்ட சொல்லைப் பிறகு எப்பிடி மச்சாள் திருப்பி எடுக்கிறது? நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். பேந்து ஒருநாளும் கேக்கேல்லை நீங்கள்... அந்தா, பேர் கூப்பிடுறாங்கள்.

பத்மாசினி: கேக்குது. எழும்பு. அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும் சிவா. தறப்பாள் கட்டியிருந்த ரண்டு பனைக்கு நடுவிலை. உன்ரை சேட்டைக் கழட்டி அவற்ரை முகத்தை மூடிப்போட்டுத்தான் மண்ணைத் தள்ளினனீ. தண்ணி தேடி வந்த நான் பின்னாலை நிண்டு பாத்தனான். வாய்விட்டு அழுதால் நீ திரும்புவாய், பேந்து ரண்டு பேரும் அதிலையே இருந்திடுவம், பிள்ளையைத் தூக்க ஆளில்லாமல் போகும் எண்டு சத்தம் போடாமல் வந்திட்டன். உன்ரை வாயாலை வரட்டும் எண்டுதான் அண்டைக்குக் கேட்டனான், பிறகு இத்தினை வருசமும் கேக்கேல்லை. கண்ணைத் துடை. தெரியாது எண்டு நான் முதல்லை சொல்லுறன். பிறகு நீ சொல்லு.