கை நனைக்க முதல்

— மாமி, மாமி, நில்லுங்கோ! அதுக்கை தோய்க்காதேங்கோ, அது முட்டை!

— முட்டைதான். ரோல்ஸை முட்டையிலை தோய்க்காமல் பின்னைப் பன்னீரிலையோ தோய்க்கிறது?

— அது அம்மாவின்ரை ரோல்ஸ். உள்ளுக்கை உருளைக்கிழங்கும் கரட்டும். அவவின்ரை எல்லாத்துக்கும் அந்த வெள்ளைக் கோப்பையிலை இருக்கிற மாக்கரைசல் எண்டு காலமை தொடக்கம் பத்துத்தரம் சொல்லிப்போட்டன்.

— ரெண்டுதானே தோய்ச்சனான். பாண்தூளிலை பிரட்டிப் பொரிச்சா எல்லாம் ஒரே நிறம். கொம்மாவுக்கு என்ன தெரியவோ போகுது?

— தெரியாது எண்டதுக்காகக் குடுக்கிறதோ? பிறந்ததிலயிருந்து முட்டை வாயிலை வைக்காத மனிசி. தெரியாமல் தின்னக் குடுத்தாப் பாவம் மாமி.

— ஆ. அப்பிடி வா வழிக்கு.

— என்ன வழிக்கு?

— முட்டையைத் தெரியாமல் தின்னக் குடுத்தாப் பாவம். இண்டைக்கு இரவு நீ ஞானஸ்நானம் எடுக்கிறதை வாய் திறந்து சொல்லாமல், நாளைக்குப் பாஸ்குச் சாப்பாடு எண்டு கொம்மாவை மேசையிலை இருத்திச் சோறு போட்டா, அது புண்ணியமோ?

— வேணுமெண்டோ தோய்ச்சனீங்கள்?

— வேணுமெண்டுதான். வாயாலை சொல்லிப் பாத்தன், உன்ரை காதிலை ஏறேல்லை.

— அந்த ரெண்டையும் பூபெல்லிலை போடுங்கோ.

— சாப்பாட்டைக் குப்பையிலை போடுறதோ? சேசுவே! அங்காலை வை. தனூஜன் வேலையாலை வந்து தின்னுவான்.

— பெரிய சனியிலை எனக்குச் சண்டை வேண்டாம் மாமி. இன்னும் நாப்பது ரோல்ஸ் கிடக்கு. வட்டிலப்பம் அவிக்கேல்லை. இறைச்சி வெட்டேல்லை. எட்டு மணிக்கு லோறன்ஸ் வந்து பெல் அடிப்பா.

— ஓமோம், லோறன்ஸ் வருவா. உனக்கு ஞானத்தாய். கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்த் தொட்டியடியிலை விடுவா. பெத்த தாய்க்கு நீ இன்னும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

— சொல்லமாட்டன் எண்டு ஆர் சொன்னது? நாளைக்கு அவ வந்து சாப்பிட்டு முடியட்டும். கோப்பி குடிக்கட்டும். பேத்தி கஜானி அவவின்ரை மடியிலை ஏறி இருக்கட்டும். பிறகு நானே சொல்லுறன்.

— கை நனைச்ச பிறகு.

— ஓம், கை நனைச்ச பிறகுதான். ஒருக்கா இந்த வீட்டிலை கை நனைச்சிட்டா எண்டா, கோவிச்சுக்கொண்டு போனாலும் திரும்பி வருவா. அம்மாவை எனக்குத் தெரியும். சாப்பிட்ட வீட்டைப் பழிக்கமாட்டா.

— அதுக்குப் பேர் விருந்தில்லைப் பிள்ளை, எலிப்பொறி. ஆக்கள் தேங்காய்ச் சொட்டு வைப்பினம், நீ ரோல்ஸ் வைக்கிறாய்.

— உங்கடை மகன் தனூஜனும் அப்பிடித்தான் சொன்னவர். சாப்பிட்ட பிறகு சொல்லுவம் எண்டு.

— அவன் தேப்பனைப் போலை. வீட்டிலை சத்தம் வந்தா ரொய்லற்றுக்கை போயிருந்து போன் பாக்கிற ஆள். அவனிட்டையோ புத்தி கேக்கிறாய்?

— உங்களுக்குச் சொல்லச் சுகம் மாமி. ஆறு வருஷம். நகரசபை மேரியிலை நாங்கள் கலியாணம் எழுதின அண்டைக்கு அம்மா வாசலுக்கு வெளியிலை நிண்டவ. உள்ளுக்கை வரேல்லை. வேதக்காரன்ரை வீட்டிலை பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டு அண்டைக்குச் சொன்னவ. அண்டையிலயிருந்து நாங்கள் தாயும் மேளும் எங்கை சந்திக்கிறம்? கார் து நோர் ஸ்டேஷனிலை, ஒரு வாங்கிலிலை. தன்ரை பிளாஸ்க்கிலை இருந்து எனக்கும் பிள்ளைக்கும் தேத்தண்ணி ஊத்தித் தருவா. நான் ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தா, கையிலை வைச்சு ஆறவிட்டுப் பூபெல்லிலை போட்டிட்டுப் போவா. அந்த மனிசி இப்ப, புதுத் தாச்சியும் புது அகப்பையும் வாங்கி வைக்கட்டாம் எண்டு உங்களிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறா. அதை நான் கெடுக்கமாட்டன். ஏலாது.

— புதுத் தாச்சி கேட்டவ எண்டா, அவவும் ஏதோ நினைச்சுத்தானே கேட்டிருப்பா.

— நீங்கள் பியர்ஃபித்திலை அவவின்ரை வீட்டை போய்க் கூப்பிட்டவுடனை இறங்கி வந்திட்டா. எனக்கு இன்னும் நம்ப ஏலாமல் கிடக்கு. அப்பிடி என்ன கதைச்சனீங்கள்?

— ரெண்டு பொம்பிளையள் கதைக்கிற கதை. சாமியறைக்கு முன்னாலை கதிரை போட்டு இருத்தினவ. தேத்தண்ணி தந்தவ. உழுந்துவடை தந்தவ.

— குடிச்சனீங்களோ?

— ஏன் குடிக்காமல்? ஆறு வடையும் திண்டனான். தபசு காலத்திலை வடை தின்னக் கூடாதெண்டு வேதத்திலை எங்கையும் கிடக்கே? அதுதான் சொல்லுறன் தாட்சா. அவவின்ரை வீட்டிலை நான் கை நனைச்சுப்போட்டு வந்தனான். என்ரை வீட்டிலை அவவுக்கு ஒரு சூது நடந்தா எனக்குத் தாங்காது.

— சூதோ? என்ரை தாய்க்கு நான் சூது செய்வனோ?

— கோவிக்காதை. கையை நிப்பாட்டாமல் சுத்து, ரொட்டி காயுது.

— நான் வேதத்துக்கு வாறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டா நேரை சொல்லுங்கோ.

— என்ன விசர்க் கதை! செபமாலை சொல்லேக்கை கடைசி மணி உன்ரை பேருக்குத்தான். ஆனா ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. தனூஜனுக்காகவோ எடுக்கிறாய்? எங்கடை சனம் கதைக்கும் எண்டதுக்காகவோ? அப்பிடியெண்டா இப்பவே நிப்பாட்டு, நான் கோயில் சுவாமியோடை கதைக்கிறன். இந்த வீட்டிலை ஒருத்தரும் உன்னைக் கேக்கேல்லை.

— ஒருத்தரும் கேக்காதபடியாத்தான் மாமி. கஜானி குறைமாசத்திலை பிறந்து ஏழு கிழமை கண்ணாடிப் பெட்டிக்கை கிடந்தவளெல்லே. அப்ப பின்னேரத்திலை ஆஸ்பத்திரியாலை வரேக்கை வேதக்கோயிலுக்கை போய்ப் பின் வாங்கிலிலை இருப்பன். செபம் தெரியாது, பாட்டுத் தெரியாது. சும்மா இருப்பன். நீ ஆர், எந்த ஊர், ஆற்றை பெட்டை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. ஒரு நாள் அழுதுகொண்டிருக்க லோறன்ஸ் பக்கத்திலை வந்திருந்து, கண்ணைத் துடைக்கக் கடதாசி தந்திட்டு, ஒரு கதையும் கதைக்காமல் அரை மணித்தியாலம் இருந்திட்டு எழும்பிப் போனவ. அண்டைக்கு எனக்குள்ளை முடிவாச்சுது. அதுக்குப் பிறகு ஞானஸ்நானத்துக்கெண்டு ரெண்டு வருஷம் படிச்சதெல்லாம் சும்மா படிப்பு. இதை நான் எப்பிடி அம்மாவுக்குச் சொல்லுறது?

— இப்ப எனக்குச் சொன்ன மாதிரி.

— நீங்கள் இருந்து கேப்பியள். அம்மா கேக்கமாட்டா. அம்மாவுக்குச் சைவம் எண்டா ஒரே சொல்லு. தின்னுறதும் சைவம், கும்பிடுறதும் சைவம். ஒண்டு போனா மற்றதும் போச்சு. "வேதக்காரனைக் கட்டினாலும் என்ரை பிள்ளை சைவம்தான்" எண்டு சொல்லிச் சொல்லித்தான் இந்த ஆறு வருஷமும் தன்ரை சனத்துக்கை தலை நிமிந்து திரிஞ்சவ. அவவிட்டை மிச்சம் இருந்தது அந்த ஒரு கதைதான். அதையும் இண்டைக்கு இரவு நான் பறிக்கப்போறன்.

— அழாதை. கண்ணீர் மாவிலை விழுது.

— எனக்குப் பயமாக் கிடக்கு மாமி. சொன்னா அம்மா வரமாட்டா.

— சொன்னா வரமாட்டா எண்டு உனக்கு ஆர் சொன்னது?

— ஆரும் சொல்ல வேணுமோ?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை புதைக்கப் பாக்கிறாய். லாச்சப்பலிலை ஒருத்தர் சாமான் கடையிலை நிண்டு தும்மினா, பியர்ஃபித்திலை இருந்து "நூறு" எண்டு சொல்லுவினம். இரவு கோயிலுக்கு எங்கடை சனம் எத்தினை வரும்? எல்லாற்றை கையிலையும் போன். நீ தொட்டியடியிலை தலை துவட்ட முதல் படம் ஊரெல்லாம் போயிடும். நாளைக்கு றெயினிலை வரேக்கை அந்தப் படத்தைக் கொம்மா பாத்தா? உன்ரை வாயாலை கேக்கிறதோ, ஆற்றையோ போனிலை பாக்கிறதோ, எது அவவுக்கு நல்லது? நீயே சொல்லு.

— படம் எடுக்க வேண்டாமெண்டு சுவாமியிட்டைச் சொல்லியிருக்கிறன்.

— சுவாமி சொன்னா எங்கடை ஆக்கள் கேட்டுக் கிழிப்பினம்! எடு பிள்ளை, இப்ப எடு. நாளைக்கு வேண்டாம், பூசைக்குப் பிறகும் வேண்டாம். இப்ப. நான் உன்னைக் கெஞ்சிக் கேக்கிறன்.

— ஏன் மாமி இப்பிடி நிக்கிறியள்? கதிரையைப் பிடிச்சுக்கொண்டு.

— ஒருசந்தி. காலமை தொடக்கம் வெறும் வயிறு. போன் எங்கை?

— யன்னலடியிலை. என்ரை கையெல்லாம் மா. நீங்களே அமத்துங்கோ, ஸ்பீக்கரிலை போடுங்கோ. சொல்லுறன். சரி, சொல்லுறன்.

— மணி அடிக்குது. கதை.

— ஹலோ, அம்மா?

— சொல்லு பிள்ளை.

— என்ன செய்யிறியள் அம்மா?

— சும்மா இருக்கிறன். உன்ரை போனைப் பாத்துக்கொண்டு. மாமி பக்கத்திலையோ?

— ஓம், ஸ்பீக்கரிலை கிடக்கு. ரெண்டு பேரும் குசினியிலை.

— நல்லது. அவவும் கேக்கட்டும். சொல்லு.

— அது... உங்களுக்கு ரோல்ஸ் சுத்துறம் அம்மா. உருளைக்கிழங்கு. முட்டை படாமல், மாக்கரைசலிலை. பயத்தம் பணியாரமும் புதுத் தாச்சியிலைதான்.

— ம். சாப்பிட்டியோ?

— இன்னும் இல்லை.

— நாலு மணியாகுது. ஏன் சாப்பிடேல்லை? விரதமோ?

— சீ, இல்லையம்மா. வேலை. நேரம் கிடைக்கேல்லை.

— விரதமெண்டாச் சொல்லு. விரதம் ஒண்டும் களவில்லையே.

— இல்லையம்மா, சும்மாதான்.

— இரவு எங்கை?

— கோயிலுக்கு. மாமியவை போகினம். நானும்... கூடப் போவன்.

— கூடப் போறாய்.

— ஓம். பிள்ளையும் நிப்பாள்தானே. நாளைக்குப் பதினொரு மணி றெயினோ அம்மா? தனூஜனை ஸ்டேஷனுக்கு அனுப்பட்டோ?

— றெயின் எந்த நேரமும் கிடக்கு. வேறை ஒண்டும் சொல்லுறதுக்கில்லையோ தாட்சா?

— இல்லையம்மா.

— யோசிச்சுச் சொல்லு. நான் வைக்கேல்லை. நிக்கிறன்.

— ...ஒண்டுமில்லை அம்மா. நாளைக்கு நேரை கதைப்பம்.

— சரி பிள்ளை. கஜானியை வடிவாப் பார். உன்ரை உடம்பையும் பார். வைக்கிறன்.

— அம்மா... வைச்சிட்டா. மாமி, அப்பிடிப் பாக்காதேங்கோ. சொல்லத்தான் வாயைத் திறந்தனான், ரோல்ஸ் கதைதான் வந்தது. நாளைக்குச் சொல்லுறன். சத்தியமா. சாப்பிட்ட உடனை, கோப்பிக்கு முதலே சொல்லுறன். என்ன மாமி? ஏன் அடுப்பை நிப்பாட்டுறியள்?

— காணும் பிள்ளை. சுத்தினது காணும்.

— அம்மாவின்ரையிலை பாதி இன்னும் பொரிக்கேல்லையே!

— அவவுக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— போன கிழமை அந்தச் சாமியறைக்கு முன்னாலை வைச்சு என்னை நேராக் கேட்டவ. "என்ரை பிள்ளை வேதத்துக்கு மாறப்போறாளாம், மெய்யோ?" எண்டு. அவவின்ரை வடையைக் கையிலை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிப் பொய் சொல்ல? ஓம் எண்டனான். பிறகு, தான் கேட்டதை உனக்குச் சொல்லக் கூடாதெண்டு என்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவ. அதுக்குப் பிறகுதான் புதுத் தாச்சி கேட்டவ.

— எல்லாம் தெரிஞ்சுகொண்டே வாறன் எண்டவ?

— இல்லையடி பிள்ளை. நீ உன்ரை வாயாலை சொன்னா வாறன் எண்டவ.