கிளுவை வேலி

ஜெலுத்தோங் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பாசாரில் காய்கறி வாங்கிய கூடைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தம்பிகளைக் கட்டிய ஓரகத்திகள், அடுத்தடுத்த வீடு என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. இளையவள் திடீரென்று சொன்னாள்:

"வேலின்னா வருசத்துக்கு ஒரு தடவை மொட்டையாகணும்க்கா!"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன புள்ள சொல்றே? அண்ணனும் தம்பியும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கக் கூடாதுன்னுதானே நடுவுல வேலியே வைக்கிறாங்க?" என்றாள் மூத்தவள்.

"அதாங்க்கா! எங்க வீட்டுக்காரரு செம்பருத்திதான் வைப்பேன்னு நின்னாரு. அது எப்பவும் பச்சையா அடைச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் உங்க முகத்தை நான் எப்பப் பாக்குறது? கிளுவை வைங்க, முள்ளு இருக்கு, உங்க அண்ணன் வீட்டுக் கோழிகூட இந்தப் பக்கம் வராதுன்னேன். மனுசன் குளிர்ந்து போயிட்டாரு! நாகப்பட்டினம் கப்பல்ல குச்சி வரவழைச்சு, நேத்தே நட்டாச்சுலா!"

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, வெயில் காலத்துல கிளுவை ஒரு இலை இல்லாம கொட்டிருமே!"

"கொட்டட்டும்! இந்த ஊர்ல தையிலதானே வெயிலு கொளுத்துது. நீங்க பொங்கப்பானை வைக்கிறது எங்க வாசல்லேருந்தே தெரியும்."

"அடிப்பாவி, அவங்க ரெண்டு பேரும்ல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க!"

"அதுக்குத்தானேக்கா நட்டதே!"

டிராம் மணி அடித்தது. மூத்தவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக எழுந்தாள்.

"நீ அடுத்த நிறுத்தத்துல இறங்கு புள்ள. சேர்ந்து வந்தா பாத்துருவாங்க. வேலி இன்னும் வளரல."