நார்வேக்காரன் தீவுக்கு நீந்திப் போகும் மான்

மாண்புமிகு கூட்டத் தலைவி கிளாடிஸ் லின்டால் அவர்களே! வனவிலங்குத் துறையின் புது வேட்டை விதியைத் தூக்கிக்கொண்டு, எங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே தலைநகரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரித் தம்பி அவர்களே! மிங்க் ஏரியின் தீவுகளை ஆளும் சீமான்களே, சீமாட்டிகளே! கரையில் காடு வைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்படியில் காப்பியைக் கொதிக்கவிட்டு, காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்டைத் தீவுக்காரர் ஆரின் ட்வெய்ட் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் கரடித்தீவு வேர்னா ஹாவிஸ்டோவின் அன்பு வணக்கம்.

கரடித்தீவில் கரடி கிடையாது. நடுவரிசையிலிருந்து என்ன சொன்னீர்கள் மெர்ல்? "அதான் நீ இருக்கியே"யா? சிரியுங்கள், எல்லோரும் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் கேளுங்கள்.

நம் தீவுகளில் துப்பாக்கிக்கு இத்தனை காலம் தடை இருந்தது. வருகிற நவம்பர் முதல் தடை இல்லையாம்! தீவுக்காரர் ஒருவர் தலையாட்டினால் போதுமாம்! படகில் வரலாமாம், கரையேறலாமாம், மானைச் சுடலாமாம்! சரி, தலையாட்டாத பக்கத்துத் தீவுக்காரியின் கதி என்ன? கோடு போட்ட இடத்தில் குண்டு நிற்குமா? அடிபட்ட மான் நீந்தி வந்து என் படித்துறையில் விழுந்தால், அதைத் தேடிச் செம்மஞ்சள் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் என் வாசலுக்கு வரமாட்டார்களா? என் நாய் குரைக்காதா? அவர்கள் விட்டுப்போகும் பீர் டப்பாவை யார் பொறுக்குவது? தம்பி, இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

வேட்டைக்கு நான் விரோதி அல்ல. மான்கறி தின்று வளர்ந்த உடம்பு இது. என் துப்பாக்கி இன்றும் எண்ணெய் போட்டுத்தான் இருக்கிறது. சற்று முன் காப்பி ஊற்றும்போதே இதையெல்லாம் சொன்னேன்; கிளாடிஸ் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஏம்மா வேர்னா, குண்டு, நாய், பீர் டப்பா எல்லாம் சரிதான். நெசமா உனக்கு என்னதான் பிரச்சனை?"

என்ன பிரச்சனை? சொல்கிறேன், கிளாடிஸ். பொறாமை! பச்சைப் பொறாமை! பகலெல்லாம் பற்றி எரியும் பொறாமை! உங்கள் எலுமிச்சைப் பணியாரத் தட்டு முதலில் காலியாகி, என் தட்டு அப்படியே இருக்கிறதே, அதைப் பார்த்து வருமே, அந்தச் சின்னப் பொறாமை அல்ல. அதுவும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இது அதைவிடப் பெரியது.

ஒரு பெட்டை மான். இடது காது கிழிந்தது. குட்டியாக என் தீவில்தான் பிறந்தது, என் தேவதாரு மரங்களுக்கு அடியில்தான் வளர்ந்தது. ஹில்மா என்று பெயர் வைத்தேன். ஆனால் ஆப்பிள் பழுக்கிற காலம் வந்தால் அந்த நன்றிகெட்டவள் என்ன செய்வாள்? இரண்டு தீவுக்கும் நடுவே ஏரியில் இறங்கி, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, நேரே நார்வேக்காரன் தீவுக்கு நீந்திப் போவாள்! அங்கே ஆரினிடம் ஆப்பிள் மரம் இருக்கிறது. நான் நட்ட ஆப்பிள் கன்றுகள் பனியில் பட்டுப்போயின. அவருடையது மட்டும் ஏன் காய்க்கிறது? யாராவது சொல்லுங்கள், ஏன் காய்க்கிறது?

நான் சும்மா இருந்தேனா? இந்த ஏரியில் ஒவ்வொரு வீட்டிலும் ஹோஸ்டா என்னும் அழகு இலைச்செடியை மான் மேயாமலிருக்க வலை கட்டுகிறீர்கள். நானோ மான் மேயட்டும் என்றே பாத்தி பாத்தியாக ஹோஸ்டா நட்டேன்! தோட்டக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஹில்மா வந்தாள். அத்தனை இலையையும் அடியோடு மேய்ந்தாள். மேய்ந்துவிட்டு, கடைசியில் வாய்க்கு இனிப்பாக ஆப்பிள் தின்ன அக்கரைக்கு நீந்திப் போய்விட்டாள். என் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

படகை எடுத்துக்கொண்டு போனேன். ஆரின் தாழ்வாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கையிலிருந்து ஆப்பிள் தின்கிறாள் அவள். தம்பி, இதை மட்டும் எழுதாதீர்கள்.

"யோவ் ஆரின், அவ பேரு ஹில்மா!" என்றேன்.

"அங்க ஹில்மாவா இருக்கலாம். இங்க வந்தா அவ லூயிஸ்," என்றார்.

"பொறந்தது என் தீவுல!"

"நான் என்ன கையப் புடிச்சா இழுத்துட்டு வந்தேன்? அவளாத்தானே வர்றா!"

லூயிஸாம் லூயிஸ்! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் கேள்விப்பட்டேன், ஆரின் தன் தீவை வேட்டைக்குத் திறந்துவிடப் போகிறாராம். மறுபடியும் படகு. மறுபடியும் தாழ்வாரம். கத்தத்தான் போனேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி பசங்க வர்றேன்னு சொல்லியிருக்கானுங்க, வேர்னா. என் வீட்டுக்காரி அன்னா சாவுக்கு வந்ததுதான், அதோட சரி. தீவைத் தொறந்தா சீசனுக்கு வந்து தங்குவானுங்களாம். வீட்ல நாலு பேர் பேச்சுச் சத்தம் கேக்கும்."

"ஹில்மா?"

"லூயிஸ் கெட்டிக்காரி. ஒளிஞ்சுக்குவா."

"ஒன் கையில ஆப்பிள் தின்னவளுக்கு மனுசனப் பாத்தா ஒளியத் தெரியுமாய்யா? ஆள் வந்தா ஆப்பிள் வருதுன்னு முன்னாடி வந்து நிப்பாளே!"

அவர் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எனக்கா உனக்கா என்று நாங்கள் இருவரும் இழுத்த இழுப்பில் அவளுக்கு மனித பயமே போய்விட்டது, தோழர்களே. வேட்டைக்காரன் மரத்தில் ஏறிக் காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்தே சுடலாம்.

ஆகவே இந்த அவையில் ஒன்று சொல்கிறேன். ஆரின், உங்கள் தங்கை பிள்ளைகள் வரட்டும். உங்கள் வீட்டில் தங்கட்டும், சீட்டாடட்டும், கூரை அதிரச் சிரிக்கட்டும். சுடுவதற்குக் கரையில் என் காடு இருக்கிறது. என் தகப்பனார் காலத்திலிருந்து அந்த வேலிக்குள் வெளியாள் ஒருவரையும் விட்டதில்லை. அவர்களுக்குத் திறந்துவிடுகிறேன்.

என்ன மெர்ல்? "அப்ப எனக்கு?" என்கிறீர்களா? உங்களுக்குக் கிடையாது. உட்காருங்கள்.

உங்கள் தீவை மட்டும் மூடிவையுங்கள், ஆரின். ஹில்மா என்று இனி நான் வாயெடுக்க மாட்டேன். லூயிஸ் என்றே இருக்கட்டும். அவளுக்கு உங்களைத்தான் பிடிக்கும். என்னைவிட உங்களைத்தான் பிடிக்கும்! இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் நாக்கு எழவில்லை. இன்று ஏரியே கூடியிருக்கும் அவையில், ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். இனியும் என் படித்துறையில் நின்று, உங்கள் மரத்தடியில் அவள் நிற்பதைப் பார்த்துப் பார்த்து நான் வயிறெரிய வேண்டும், ஆரின். அந்த வயிற்றெரிச்சல் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அதைச் சுட்டுவிடாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவி அவர்களுக்கும், பேனாவைக் கீழே வைத்துவிட்ட தம்பிக்கும், கதவோரம் இருந்தும் எழுந்து போகாத ஆரினுக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.