ஏறிய நேரம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பண்ணையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நடந்ததை நீயே எழுதிக் கொடு என்று நீங்கள் தாளை நீட்டியபோது, இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கோடு போட்ட தாளாக இருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பண்ணையில் நாற்பதாயிரம் கோழிகள். முட்டையிடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அவை செய்வது ஒரே காரியம்தான். அதன் விளைவு, நாளொன்றுக்கு நான்கு டன். அதைக் கலவைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கரைத்து, மூடிய தொட்டிக்குள் அனுப்பினால் எரிவாயு வரும். கொட்டகை விளக்குகள் அதில் எரிகின்றன. ஊழியர் வீடுகளில் அடுப்பும் அதில்தான். மிஞ்சும் சேற்றை உலர்த்தி, மூட்டை கட்டி, உரமாக விற்கிறோம். அங்கே வீணாகப் போன பொருள் ஒன்றே ஒன்றுதான். அது தினமும் சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

தொட்டியைக் கவனிப்பதும் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பு. எச்சம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, வாயு எவ்வளவு, ப்ளோயர் என்ற காற்றூதி ஓடிய நேரம், குழியில் ஆள் இறங்கிய நேரம், ஏறிய நேரம் என்று பக்கத்துக்கு ஆறு கட்டங்கள். எந்தக் கட்டத்தையும் நான் காலியாக விடுவதில்லை. காலியாக இருந்தால் எழுத மறந்ததுபோல் ஆகிவிடும். ஆள் இறங்காத நாளில் அந்த இரண்டு கட்டங்களிலும் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுவேன். இதற்குப் பொருந்தாது என்று அர்த்தம்.

குழியில் இறங்குபவர் என் அத்தான், அக்காவின் கணவர். இறகுகள் திரண்டு குழியின் வாயை அடைத்துக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒருமுறை யாராவது இறங்கி வாரி எடுக்க வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் ப்ளோயரை ஓட்டி, உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்ற வேண்டும். ஓடும்போது சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். அது தவறு. ஆனால் அது எங்கள் எல்லோருடைய தவறு, அதை என் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். ஆக, ப்ளோயர் ஓடியதா இல்லையா என்பதற்குப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி. அந்த வாயுவுக்கு அழுகிய முட்டை வாசனை. கொஞ்சமாக இருந்தால் மூக்கு சொல்லிவிடும். அதிகமாக இருந்தால் முதலில் மூக்குதான் சாகும். முட்டைப் பண்ணையில் அந்த வாசனை வரவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை.

என் குறை என்னவென்றால், எதையும் முன்கூட்டியே செய்துவிடுவேன். நேரத்துக்கு முடிக்க முடியாதோ என்ற பயம். செவ்வாயும் வெள்ளியும் மாலை வகுப்பில் கட்டுரை எழுதப் படிக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார் டீச்சர். இரவு தூக்கம் வந்துவிடுமோ என்று காலையிலேயே எழுதி வைத்தேன். 'இன்று மாலை மனம் அமைதியாக இருந்தது' என்று காலை ஏழு மணிக்கு எழுதிய ஆள் நானாகத்தான் இருப்பேன். அதே வழக்கம் பதிவேட்டுக்கும் தொற்றியது. முதலில் ஒரு மணி நேரம் முன்னால். பிறகு ஒரு நாள் முன்னால். எண்கள் அழகாக வந்தன. இருநூறு நாள், ஒரு நாள்கூடத் தொட்டி நிற்கவில்லை என்று வந்தது. உண்மையில் பதினோரு முறை நின்றது. நாற்பதாயிரம் கோழிகளும் என் கையெழுத்துக்கு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவேட்டைப் பார்த்து முதலாளி மயங்கிப்போனார். வேறு பண்ணைக்காரர்களைச் சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். அவர்கள் கட்டப்போகும் தொட்டிகளுக்கெல்லாம் என்னையே பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார். நான் புதுச் சட்டை வாங்கினேன்.

புதன்கிழமை அத்தான் பதிவேட்டைப் புரட்டினார்.

"டேய், இது நாளைக்குத் தேதியில்ல?"

"ஆமா அத்தான்."

"நாளைக்கு எவ்வளவு கேஸ் வரும்னு இன்னிக்கே எழுதியிருக்க. கோழி வந்து சொல்லிட்டுப் போச்சா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். அவர் சிரிப்பு நின்ற பிறகும் நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"போன மாசம் மூணு நாள் அடுப்பே பத்தலியேடா. உங்கக்கா விறகு பொறுக்கிட்டு வந்து ஊதி ஊதிக் கண்ணு செவந்து போச்சு. இங்க 'சீராக இயங்கியது'ன்னு முத்து முத்தா எழுதி வச்சிருக்க."

"பழக்கம் அத்தான்."

"இத நம்பி சனிக்கிழமை வர்றவங்க கையில இருக்கறதெல்லாம் போட்டு தொட்டி கட்டுவாங்க. அது பாவம்டா. வெள்ளிக்கிழமை முடியறதுக்குள்ள நீயே முதலாளிகிட்ட சொல்லிடு. பயமா இருந்தா நான் கூட வரேன். நீ சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியதாயிடும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இனி நடக்காததை எழுத மாட்டேன் என்று அக்கா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து நான் எழுதியதையெல்லாம் அவர் அப்படியே நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அன்றைய பக்கத்தை எழுதினேன். ப்ளோயர், மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை. சத்தியத்தை மீறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து மணிக்கு ஓட்டினால் அது உண்மையாகிவிடும். எழுதிவிட்டுச் செய்வதும் ஒரு முறைதானே என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். என்னிடம் விளக்கம் கேட்பவன் எப்போதும் நான் ஒருவன்தான், அவனும் சீக்கிரம் திருப்தி அடைந்துவிடுவான்.

ஐந்து மணிக்குப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தேன். அன்று வகுப்பில் என் கட்டுரையை வாசிக்கப்போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். தலைப்பு, கழிவிலிருந்து வெளிச்சம். எந்த இடத்தில் கைதட்டுவார்கள், அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டிருந்தேன். அடக்கமாக இருப்பதற்கு நிறைய ஒத்திகை வேண்டியிருக்கிறது.

ஐந்து நாற்பதுக்குப் பண்ணை வாசலில் அத்தான் எதிரே வந்தார்.

"கெளம்பிட்டீங்களா எழுத்தாளரே? ப்ளோயர் போட்டியா?"

"நோட்டுல இருக்கு அத்தான்."

"நோட்டுல இருந்தா சரி. வந்ததும் முதலாளிகிட்ட போவோம், என்ன?"

"சரி அத்தான்."

கவனியுங்கள், ஓட்டினேன் என்று நான் சொல்லவில்லை. நோட்டில் இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

வகுப்பு நடப்பது ஒரு சிறுவர் பள்ளியில். மேசையில் முழங்கால் இடிக்கும். எல்லோரும் கைபேசியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு டீச்சர் என் கட்டுரையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் ப்ளோயர் ஞாபகம் வந்தது. அப்போதுதான் வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள். அத்தான் இறங்குவது ஆறேகாலுக்கு. பலகைக்கு மேலே கடிகாரம் இருந்தது. பதின்மூன்று நிமிடம். டப்பா எட்டடி தூரத்தில்.

எழுந்திருந்தால் வெட்கப்பட்டு ஓடுகிறான் என்று நினைப்பார்களோ என்று தயங்கினேன். முதல் பத்தி முடியட்டும் என்று பார்த்தேன். இரண்டாம் பத்தி இன்னும் நன்றாக இருந்தது. 'எங்கள் தொட்டி இருநூறு நாட்களாக ஒருநாளும் ஓயவில்லை' என்ற வரியில் முன் வரிசைத் தையல்கார அம்மா திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஆறேகால் ஆனபோது மூன்றாம் பக்கம் வந்திருந்தது. கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே பிஸ்கட் டப்பா அதிர்ந்தது.

"யாருதுப்பா அது?" என்றார் டீச்சர்.

எல்லோரையும் போல நானும் சுற்றிப் பார்த்தேன்.

அழைத்தவர் டிராக்டர் ஓட்டுநர். காரணமில்லாமல் ஒலி எழுப்பிக்கொண்டே வருவார் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். குழிக்கு மேலே காவலாக நின்றவர் அவர்தான். இறங்காமல் நின்றதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். இறங்கியிருந்தால் அவரும் போயிருப்பார். "நோட்டுல ப்ளோயர் கட்டத்தப் பாத்துட்டுத்தான்யா இறங்கினாரு. 'மாப்ள எழுதிட்டான், இனி பயமில்ல'ன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினாரு" என்று, நான் பண்ணைக்குத் திரும்பியதும், அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். புதுச் சட்டை.

அக்கா என்னைத் திட்டவில்லை. "உன் மேல தப்பில்லடா. நீ சரியாத்தான் எழுதி வச்சிருக்க. அவருதான் எதுலயும் அவசரம்" என்றாள். வந்தவர்களுக்குத் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. சுடர் நீலமாக, சீராக எரிந்தது. அதைப் பதிவேட்டில் எழுதினேன். நடந்த பிறகு நான் எழுதிய முதல் பதிவு அது.

நேற்று நீங்கள் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தீர்கள். பழக்கதோஷத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டேன், மறதியில் ப்ளோயரை விட்டுவிட்டேன், கூச்சத்தில் எழுந்திருக்காமல் இருந்துவிட்டேன் என்று சொன்னேன். இப்போதும் அதையே எழுதுகிறேன். நீங்கள் கடைசி இரண்டு கட்டங்களில் விரலை வைத்தீர்கள்.

அத்தான் இறங்கினால் இருபது நிமிடத்தில் ஏறிவிடுவார். அவர் இறங்கும் நாளிலெல்லாம் ஏறிய நேரத்தையும் நான் அப்படித்தான் முன்கூட்டியே எழுதியிருக்கிறேன். அந்தக் காலையில், அதே பேனாவால், இறங்கிய நேரம் 6.15 என்று எழுதியிருக்கிறேன். ஏறிய நேரத்தில் சின்னதாக ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது.